வயிற்றுக்குக் கிடைத்த மரியாதை

கம்பெனி டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், கடைசியில் ‘ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதே உடம்பைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூரில் இருக்கிற குழந்தையின்மை ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே ஃபைலின் மேல் மூலையில் ‘ஒபீஸ்’, அதாவது அளவுக்கு மீறின உடம்பு என்று எழுதி வைத்திருப்பார்கள். எட்டு மணி நேரம் நின்று ஒயருக்கு டேப் சுற்ற நான் ஃபிட். ஒரு பிள்ளை பெத்துக்கொள்ள நான் லாயக்கில்லை. இரண்டு பேருமே படித்த டாக்டர்கள். நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

இந்த இரண்டு பேரும் போக, ஊர் எனக்கு வைத்த பெயர்கள் தனி. புதுவாயலில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் ஒருத்தி “பூசினாப்ல இருக்க” என்பாள், இன்னொருத்தி “உடம்பு போட்டுட்ட” என்பாள். மளிகைக் கடைக்காரர் “அண்ணன் நல்லா கவனிச்சிக்கினு இருக்காரு போல” என்று சிரிப்பார். அந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எவ்வளவு சாப்பிட்டாலும் ஈர்க்குச்சி மாதிரிதான் இருப்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனால் ஊரே கணக்குப் போடும், அவர் பங்கையும் நானே சாப்பிடுகிறேன் என்று.

கல்யாணத்தப்போ நானும் ஒல்லிதான். போட்டோவில் கழுத்தெலும்புக் குழியில் ஒரு கைப்பிடி பொரி கொட்டி வைக்கலாம், அப்படி இருப்பேன். பல வருஷம் கழித்துத் தைராய்டு வந்தது, அதோடு உடம்பும் வந்தது. கூடவே ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. எப்போது தூங்குகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பது உடம்புக்கே தெரியாமல் போய்விட்டது. கம்பெனி ஸ்டோரில் யூனிஃபார்ம் கோட்டு சைஸ் மாற்றிக் கேட்கப் போனபோது, லேடீஸில் இதுதான் பெரிசு என்று சொல்லிவிட்டு ஆம்பிளை கோட்டைக் கொடுத்தார்கள். தோள் தொங்கியது, வயிறு இறுக்கியது. ஒரு நாள் ஆபீஸ் கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே போகும்போது யாரோ ஒரு பெரிய பொம்பளை எதிரில் வருகிறாளே என்று ஒதுங்கி வழி விட்டேன். அவளும் ஒதுங்கினாள். அப்புறம்தான் தெரிந்தது. சிரிப்பு வந்தது, உள்ளே எங்கேயோ எரிந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். “பத்து கிலோ இறக்கிட்டு வாங்கம்மா. அப்புறம்தான் ஆரம்பிக்க முடியும். இந்த வெயிட்டுல பண்ணினா உங்களுக்கும் ரிஸ்க், குழந்தைக்கும் ரிஸ்க்.” இன்னும் இல்லாத குழந்தைக்கு ரிஸ்க் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏதோ அது எங்கேயோ ஒரு ரூமில் காத்துக்கொண்டிருக்கிற மாதிரி. எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் பத்து கிலோ நிற்கிறது, அவ்வளவுதான். கடையில் விற்கிற அரிசிப் பையில் சின்னது பத்து கிலோ. அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாக வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பத்து கிலோவைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தேன். கொள்ளுக் கஞ்சி குடித்தேன். சாயங்காலம் கொல்கத்தா ரோட்டின் சர்வீஸ் ரோட்டில் நடந்தேன். ஒரு பக்கம் டிரெய்லர் லாரி, ஒரு பக்கம் புழுதி, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நடை. ஒவ்வொரு ஷேர் ஆட்டோவும் என் பக்கத்தில் வந்து நின்றது. “ஏறுக்கா, எடம் இருக்குது” என்பான். வேண்டாம் தம்பி, நடக்கத்தான் வந்தேன் என்றால் நம்ப மாட்டான். இந்த உடம்பு வேண்டுமென்றே நடக்குமா என்று அவனுக்கு ஆச்சரியம். எனக்குத் துணையாக வீட்டுக்காரரும் ராத்திரிச் சோற்றை நிறுத்தினார். அவருடைய பேண்ட் இடுப்பிலிருந்து நழுவ ஆரம்பித்தது. என்னுடையது அப்படியே இருந்தது. பகல் ஷிப்ட் வாரத்தில் கொஞ்சம் இறங்கும், ராத்திரி ஷிப்ட் வாரத்தில் ஏறிவிடும். மாசா மாசம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். நர்ஸ் மிஷினைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். டாக்டர் “இன்னும் ட்ரை பண்ணுங்க” என்று ஃபைலை மூடுவார். இப்படியே வருஷம் ஓடியது.

அப்போதுதான் கம்பெனியில் எல்லாரும் திடீரென்று என்னிடம் நல்லவர்களாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

முதலில் பஸ்ஸில். சோழவரம் பக்கமிருந்து வருகிற கம்பெனி பஸ், புதுவாயலுக்கு வரும்போது பாதி நிரம்பியிருக்கும். வழக்கமாக நான் கடைசி சீட்டுக்குப் போய்விடுவேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் நெளிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டைக் காலி பண்ணி, “இங்க குந்துக்கா, பின்னால தூக்கிப் போடும்” என்றாள் ஒருத்தி. மறுநாளும் காலியாக இருந்தது. அப்புறம் அது என் சீட்டாகவே ஆகிவிட்டது. கேன்டீன் வரிசையில் “நீ முன்னால போ” என்றார்கள். எங்கள் லைனில் யாரும் உட்காரக் கூடாது, காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டைப் போர்டில் மாட்டி நின்றுகொண்டேதான் டேப் சுற்ற வேண்டும். எங்கள் லைன் லீடர், ஐம்பதை நெருங்குகிறவர், எல்லாருக்கும் அக்கா. அவர் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து என் போர்டுக்குப் பின்னால் போட்டு, “கால் வலிச்சா குந்திக்கோ, சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கினேன்” என்றார். பக்கத்துப் போர்டில் நிற்கிறவள் எனக்கு வயசொத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், லைனில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. அவள் தினமும் டிபன் பாக்ஸ் மூடியில் மாங்காய்க் கீற்றோ நெல்லிக்காயோ கொண்டுவந்து நீட்டுவாள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? குண்டாக இருந்தாலும் மனுஷிதானே என்று ஒருவழியாக இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் வேலை செய்ததுக்கு மரியாதை என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். “நல்ல மனுசங்க” என்றார். அந்த நாட்களில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். தலைக்குப் பூ வைத்தேன். முதல் சீட்டில் உட்கார்ந்து கும்மிடிப்பூண்டி வரும் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவது எவ்வளவு சுகமாக இருந்தது!

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கேன்டீனுக்குப் பின்னால் காலிப் பெட்டி அடுக்கி வைக்கிற ரூம். எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். தட்டில் சந்தனம், குங்குமம், பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல். பாத்திரங்களில் புளிசாதம், தயிர்சாதம், லெமன் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். நடுவில் பூச்சரம் சுற்றிய ஒரு நாற்காலி, பக்கத்தில் இன்னொரு சாதா நாற்காலி. எங்கள் கம்பெனியில் யாராவது மாசமாக இருந்தால் வீட்டில் செய்கிற வளைகாப்புக்கு முன்னால் லைன்காரர்கள் இப்படி ஒன்று செய்வது வழக்கம். எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், அந்தப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. அதுதான் அதில் வேடிக்கை.

“யாருக்குடி? எனக்குச் சொல்லவேயில்ல” என்று கேட்டுக்கொண்டே நான் போய் அந்தச் சாதா நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என் இடம். பிள்ளையில்லாதவளை மாசமானவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் இரண்டு வளையல் போட்டுவிடுவார்கள், அடுத்து இவளுக்கு அமையட்டும் என்று. எத்தனையோ பெண்களுக்குப் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன.

எல்லாரும் சிரித்தார்கள். லீடரக்கா என் தோளைப் பிடித்துத் தூக்கி, பூ சுற்றிய நாற்காலியில் உட்கார வைத்தார். “இனிமே அந்தச் சேர்ல நீ குந்தக் கூடாது” என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

எனக்குப் புரிந்த அந்த நொடியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முதல் சீட்டு, ஸ்டூல், மாங்காய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். ஜில்லென்று இருந்தது. ஒருத்தி குங்குமம் வைத்தாள், ஒருத்தி கோட்டின் மேல் பட்டுத் துப்பட்டாவைப் போர்த்தினாள். யாரோ குனிந்து என் வயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நன்றாக இருந்தது. என் வயிற்றை அதுவரைக்கும் யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை, நான் உட்பட.

முதல் வளையலைப் போட வந்தவள் என் சிநேகிதி. வளையல் ஏறவில்லை. இருப்பதிலேயே பெரிய சைஸ்தான் வாங்கியிருந்தார்கள். கட்டைவிரல் எலும்போடு நின்றுவிட்டது. “கையில கொஞ்சம் நீர் கோத்திருக்குது, இந்த நேரத்துல அப்படித்தான்” என்றாள் ஒருத்தி. யாரோ எண்ணெய் தடவச் சொன்னார்கள். யாரோ பிளாஸ்டிக் கவரை என் கையில் மாட்டி, அதன்மேல் தள்ளச் சொன்னார்கள். சிநேகிதி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பட்டென்று உடைந்தது. மணிக்கட்டில் ரத்தம் கோடு போட்டது.

வளைகாப்பில் முதல் வளையல் உடைந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த ஒருத்திக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. லீடரக்காவின் முகம் வெளுத்துப் போனது. சிநேகிதி உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மாதாவே, நான் இன்னா பண்ணிட்டேன், எத்தினி வருசம் கழிச்சு வந்த புள்ள, என் கையாலயா” என்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தேற்றப் போனவர்களும் அழுதார்கள்.

அவள் அழுததைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது. “அழுவாத. உள்ள ஒண்ணும் இல்ல” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். “நான் மாசமா இல்லடி. இது வெறும் கொழுப்பு. நான் குண்டா இருக்கேன், அவ்ளோதான்.”

குண்டு என்கிற வார்த்தையை நானே என்னைப் பற்றி அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருத்தி சிரிக்கப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். லீடரக்கா மெதுவாகச் சொன்னார்: “திருவள்ளூர்ல அந்த ஆஸ்பத்திரி பையோட ஒன்ன பார்த்தேன். மாசா மாசம் லீவு வேற போட்ட. வயிறும்… கேட்டா கண்ணு பட்டுடும்னு யாரையும் நான்தான் கேக்க உடல. நல்லபடியா நிக்கட்டும்னு எல்லாரும் வாயக் கட்டிக்கினு இருந்தோம்.” நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ரொம்ப நாள் கழித்துத் தங்கின பிள்ளையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய மரியாதையை இல்லாத ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பயங்கரக் கோபம் வந்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அந்த மாசங்களில் கிடைத்ததெல்லாம் என் வயிற்றுக்குத்தான், எனக்கு ஒன்றும் இல்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சமைத்துக் கொண்டுவந்த சாதத்தைக் கொட்டவா முடியும்? எல்லாரும் தட்டில் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். சந்தனத்தை நான் குழாயடியில் கழுவினேன். வாசம் மட்டும் ஷிப்ட் முடியும் வரைக்கும் போகவில்லை.

திங்கட்கிழமை போர்டுக்குப் பின்னால் ஸ்டூல் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அது மாசமானவர்களுக்கு மட்டும் கொடுக்கிற சலுகை. பஸ்ஸில் நான் பழையபடி பின்னால் போனேன். அந்த முதல் சீட்டில் யார் உட்காருவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை போல. கும்மிடிப்பூண்டி வரைக்கும் அது காலியாகவே வந்தது.

அதற்கப்புறம் வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டேன். சோற்றை அடியோடு நிறுத்தினேன். ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, திட்டு வாங்கி, பகலுக்கு மாறினேன். மழையிலும் நடந்தேன். தலை சுற்றும்போது போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, பல்லைப் பிடுங்குகிற மாதிரி, இறங்கியது. கன்னம் ஒட்டியது. கண்ணாடியில் பார்த்தால் கல்யாண போட்டோப் பெண் திரும்பி வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் வேறு யாரோ, தோல் தொங்குகிற ஒரு நடுவயசுக்காரி. “இன்னாக்கா, சுகர் வந்துடுச்சா?” என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரோ, எனக்குக் கலைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். சிநேகிதிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். எனக்குக் கவலையில்லை. பத்து கிலோ போய்விட்டது. நடுவில் இப்போது ஒன்றும் நிற்கவில்லை.

நானும் அவரும் திருவள்ளூருக்குப் போனோம். நர்ஸ் மிஷினைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். “சூப்பர்க்கா, எப்படிக்கா?” என்று கேட்டார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுபடி வரச் சொன்ன நாளில் போனோம். டாக்டர் அம்மா ரிசல்ட்டைப் படித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“முட்டை இருப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சும்மா. வயசு ஆகுதில்ல” என்றார். ஊசி போட்டாலும் முட்டை வராது என்றார். வேறு வழிகளைப் பற்றியும் சொன்னார், அவை எங்கள் கைக்கு எட்டுகிற வழிகள் இல்லை. முன்னாடியே ஆரம்பித்திருந்தால் என்று வீட்டுக்காரர் இழுத்தார். “முன்னாடி வெயிட் இருந்துச்சே சார்” என்றார் டாக்டர் அம்மா. அவர் சொன்னதும் சரிதான். எடை இறங்கக் காத்திருந்த வருஷங்களில் மற்றது இறங்கிவிட்டது. எழுந்து வரும்போது, ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “இனிமே வெயிட்டைப் பத்தி மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா” என்றார். எத்தனை வருஷமாக யாராவது என்னிடம் அதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

வெளியே வெயில். ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் இரண்டு சாப்பாடு சொன்னார். எனக்கு எப்போதும் இரண்டு இட்லி சொல்கிறவர். “சாப்டு. இனிமே இன்னாத்துக்கு…” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. வெட்கமில்லாத பசி. இலையில் போட்டதை முடித்துவிட்டுத் திரும்பவும் சோறு கேட்டேன். சர்வர் வாளியோடு வந்து ஒரு கரண்டி போட்டார், இன்னொரு கரண்டி போட்டார், அப்புறம் கையை நிறுத்தி, “போதும்னா சொல்லுக்கா” என்றார்.

நான் சொல்லவில்லை.